முப்பத்துநாலு கிலோ

மீன் ஏறாத மத்தியானம்.
பாம்பன் ஏலக்கூடத்துத் தராசில்
என் பேஸ் ஆம்பை ஏற்றினேன்.
முப்பத்துநாலு கிலோ, அறுநூறு கிராம்.
"அறுநூறைக் கழிவுல விட்டுரு" என்றார் கித்தேரியான்.
"செவுளைத் தூக்கிக் காட்டு, பழசா புதுசா பாப்போம்."
பழசுதான் அண்ணே.
ஜாக்கில் பச்சை பூத்திருக்கிறது.
உப்புக்காற்று தின்ற மூலைகளில்
பலகை நனைந்த பிஸ்கட்டாய் உதிர்கிறது.

கச்சேரிக்கு எனக்கு ஆயிரத்து இருநூறு.
இதற்கு ஆட்டோ, போக வர, முந்நூற்றைம்பது.
பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர்
லக்கேஜ் என்று ஒரு டிக்கெட் கிழிப்பார்,
முறைப்பு இலவசம்.
பெரியபட்டினத்தில் ஒரு கல்யாணம், மாடியில் மேடை.
நாற்பத்தொரு படி. எண்ணியிருக்கிறேன்.
ஏறி முடித்தபின் விரல் நடுங்கி
முதல் இரண்டு பாட்டுக்கு
என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.
வேறு யாருக்கும் தெரியவில்லை என்பது
தனிக் கவலை.
பேஸ்காரன் பிழைப்பு அப்படி.
இருக்கும்போது கேட்காது.
நின்றுபோனால் மட்டும்
"என்னமோ குறையுதே" என்பார்கள்.

மதுரையில் கடைப்பையன்
வாட்ஸாகவே பேசிக்கொண்டிருந்தான்.
ஐந்நூறு. எண்ணூறு.
நான் எதையும் வாசித்துப் பார்க்கவில்லை.
ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு
கடைக்குள் ஒரு சுற்று நடந்தேன்.
"சார், இது ஜிம் இல்ல."
கிடக்கட்டும்.
பதினைந்து இஞ்சுக்குக் குறைந்து வாங்காதே
என்று போனில் கத்தினான் டிரம்மர் ஜலாலுதீன்.
அவன் டிரம்ஸைத் தூக்க அவனுக்கு
இரண்டு மச்சான்கள்.

மூலையில், கீபோர்டு உறைகளுக்கு அடியில்
ஒன்று கிடந்தது. செகண்ட் ஹேண்ட்,
ஒற்றைப் பத்து இஞ்ச்.
கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத புது மாதிரி.
ஒன்பது கிலோ என்றான்;
கை சொன்னது, ஒரு நல்ல சீலா.
பெரிய மேடையில் பெரிய ஸ்பீக்கருக்கு
வயர் கொடுக்க முதுகில் ஓட்டை இருந்தது.
அதன்பிறகுதான் அடித்தந்தியை ஒரு தட்டு.
கண்ணாடி அலமாரி பல்லைக் கடித்தது.
பதினாறு கேட்டான், பதிமூன்றரைக்கு முடிந்தது.

ஆனால் கடைக்குள் எல்லாமே சிங்கம்.
நாலு சுவர் இருந்தால்
பூனைக்கும் பேஸ் வரும்.

தெற்குவாடியில் சுவர் கிடையாது.
கொடியேற்றத்து ராத்திரி, கச்சான் வீசுகிறது,
மேடை மணலில்.
பெரிய ஸ்பீக்கர் இரண்டும் மைக்குக்கே என்றுவிட்டார் சவுண்டுக்காரர்.
முதல் பாட்டிலேயே என் சுரமெல்லாம்
தாழப் பறந்து கடலுக்குள் போனது.
அங்கே ஏற்கனவே ஒருத்தன்
என்னைவிடக் கீழே வாசித்துக்கொண்டிருக்கிறான்,
அவனுக்குக் கரண்டும் வேண்டாம்.
"கேக்கல" என்று குச்சியால் காட்டினான் ஜலாலுதீன்.
அந்த முகத்தில் பதினைந்து இஞ்ச் தெரிந்தது.

குமிழ்கள் எல்லாம் முழுக்கத் திரும்பிவிட்டன.
இனித் திருக ஒன்றுமில்லை.
இரண்டு பாட்டுக்கு நடுவே
ஒரு கையால் அதைத் தூக்கினேன்
(பழசாக இருந்தால் நாலு பேர் வரவேண்டும்),
மேடைக்குப் பின்னால் கரையேற்றியிருந்த
வள்ளத்தின் வயிற்றோடு ஒட்டி
மணலில் அழுத்தி வைத்தேன்.
வயர் நீளம் சரியாக இருந்தது, ஒரு சாண் மிச்சம்.

அடுத்த பாட்டின் முதல் அடி.
வள்ளம் முழுதும் உறுமியது.
உள்ளே வலைமேல் தூங்கிய யாரோ எழுந்து
"எவன்டா இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுனது?" என்றார்.
இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த
முதல் விமர்சனம்.

பழைய ஆம்பைக் கித்தேரியானே எடுத்துக்கொண்டார்,
இரண்டாயிரம், பாதி கடன்.
காலையில் ஏலத்துக்கு மைக் மாட்டியிருக்கிறார்.
"எழுநூறு, எழுநூத்தம்பது" என்று அவர் கூவினால்
நகரை மீன்கூட ஒருதரம் அதிர்கிறது.

நான் கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு.
கிட்டார் முதுகில், ஆம்ப் மடியில்,
கண்டக்டர் ஒரே டிக்கெட் கிழித்தார்.
இறங்கி நடக்கையில்
இடது கை சும்மா இருந்தது.
கொஞ்சதூரம் வீசிப் பார்த்தேன்.
பிறகு பையில் விட்டுக்கொண்டேன்.